வலப்பக்கத்து வாய்

ஓட்டுகிற வண்டிக்கு வாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாதவனெல்லாம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நாலுவழிச்சாலையில் ஏறிவிடுகிறான், சோற்றை எடுத்துக் காதில் அப்பிக்கொள்கிற பிள்ளை மாதிரி. காது என்றதும் சீனிராஜ் அந்த உவமையை அங்கேயே விட்டுவிட்டார். வேறு யோசித்தார். வேறொன்றும் வரவில்லை. சாத்தூரைத் தாண்டி மதுரைப் பக்கம் போகிற சாலையில் அந்தப் பெட்ரோல் பங்க், அதன் ஓரத்தில் ஏர் பிடிக்கிற இடம், அங்கே ஒரு சிமெண்டுக் கட்டை, கட்டையில் சீனிராஜ். மணி ஏழாகப் போகிறது. இராத்திரி வேலை ஆறு மணிக்கே முடிந்துவிட்டது, வீட்டுக்குப் போய் ஒரு குளி குளித்துப் படுத்திருக்க வேண்டும், ஆனால் எதிரே அந்த வெள்ளைக் கார் மூக்கைத் திறந்து போட்டுக்கொண்டு நிற்கிறது, மெக்கானிக் வரும்வரை, மேனேஜர் ஜெயக்கொடி வரும்வரை, அவர் நகர முடியாது. டீசல் வண்டிக்குள் முப்பது லிட்டருக்கு மேல் பெட்ரோல். போட்டவர் அவர்தான், அதில் சந்தேகமில்லை. சந்தேகமெல்லாம் அதற்கு முந்தின அரை நிமிஷத்தில் இருந்தது. டிரைவர் டீசல் என்று சொன்னேன் என்கிறான். சொல்லவில்லை என்று சீனிராஜ் சொல்லியாயிற்று, வண்டிக்காரப் பெரியவர் முன்னால், பகல் வேலைக்கு வந்த இரண்டு பேர் முன்னால், கொஞ்சம் சத்தமாகவே. இருவரில் ஒருவர் வேலை இன்றைக்குப் போகும். டிரைவர் சொன்னானா சொல்லவில்லையா என்பது சீனிராஜுக்குத் தெரியாது. அவருடைய வலது காது நாலு வருஷமாகச் செத்துக் கிடக்கிறது, அவன் பேசியிருந்தால் அந்தக் காதில்தான் பேசியிருப்பான், அந்தக் காது இப்படி ஆனது இந்த உலகத்தில் அவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

இடது பக்கம்தான் இருக்க வேண்டும் டேங்க் வாய். இது அவருடைய கட்சி. பங்க்கில் வேலை பார்த்த எல்லோருக்கும், பார்த்துவிட்டுப் போனவர்களுக்கும், தண்ணீர் லாரிக்காரனுக்கும், எதிர்க் கடையில் டீ ஆற்றுகிறவருக்கும்கூட இந்தக் கட்சி மனப்பாடம். நாம் சாலையில் இடது ஓரமாகப் போகிறவர்கள். வழியில் எண்ணெய் தீர்ந்து நின்றால், கேனில் வாங்கிவந்து ஊற்றுகிறவன் மண் பக்கம் நின்று ஊற்ற வேண்டாமா, லாரிக்குக் குண்டியைக் காட்டிக்கொண்டு தார் ரோட்டில் நின்றா ஊற்றுவான். வலது பக்கம் ஓட்டுகிற தேசத்துக்காரன் தன் மண் பக்கத்துக்கு வலது பக்கம் வைத்தான், சரி, அவன் புத்திசாலி. அதை அப்படியே கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்து நமக்கு விற்கிறானே, அதை வாங்குகிறானே ஒருத்தன், அவனை என்ன சொல்ல. எட்டாம் வகுப்போடு நின்றவர் சீனிராஜ். எடைக்குப் போட்ட மோட்டார் பத்திரிகைகளை வாங்கிவந்து, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, வண்டி வராத நேரங்களில் பம்புக்கு மேலே எரிகிற விளக்கில் எழுத்துக் கூட்டி எழுத்துக் கூட்டிப் படித்தவர். அதனால்தான் தெரியும், எண்ணெய் அளவு காட்டுகிற முள்ளுக்குப் பக்கத்தில் ஒரு பம்புப் படம் இருக்கும், அதை ஒட்டி எறும்புத் தலையளவு ஒரு முக்கோணம் இருக்கும், அது எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் வாய். படித்தவன் பார்ப்பதில்லை. டாக்டர் பார்ப்பதில்லை, வக்கீல் பார்ப்பதில்லை, கண்ணாடிக்குள்ளிருந்து கையை ஆட்டி அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று கேட்கிறான், உன் வாய் எங்கே இருக்கிறது என்று ஊரானிடம் கேட்கிற மாதிரி. ஒருமுறை மட்டும் கணினி வேலை பார்க்கிற ஒரு பையன், காதில் கடுக்கன், அண்ணே எல்லா வண்டிக்கும் இடது பக்கமே இருந்தா உங்க பம்புல ஒரு பக்கம் வரிசை நிக்கும், இன்னொரு பக்கம் ஈ ஓட்டுவீங்க, ரெண்டு பக்கமும் இருக்கறதுதான் உங்களுக்கு நல்லது என்றான். சரியான பேச்சு. அது சரி என்று அந்த நிமிஷமே சீனிராஜுக்குத் தெரிந்தது. அதனாலேயே அவனுக்கு முகம் கொடுக்காமல் அடுத்த வண்டிக்குப் போனார், போகிறபோது தம்பி பெரிய இவரு என்று சொல்லிவிட்டுப் போனார். பத்து வருஷமாகச் சொல்கிறேன் இதை. பத்தா. பங்க்குக்கு வந்து பத்து வருஷம். வந்த புதிதில் வாய் எந்தப் பக்கம் இருந்தால் என்ன என்றுதானே இருந்தார், இடது பக்கத்து வண்டிக்கும் வலது பக்கத்து வண்டிக்கும் நடுவில் அவருக்கு ஒரே வீட்டில் ஒரு பிள்ளைக்கும் இன்னொரு பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம்தான். பத்திரிகை முதலில் வந்ததா, காது முதலில் போனதா. இந்தக் கேள்வி கல்லில் பட்ட காலாக வலித்தது, காலை எடுத்துக்கொண்டார்.

நடந்ததை வரிசையாக வைத்துப் பார்ப்போம். ஐந்தே முக்கால். வெள்ளைக் கார் உள்ளே வருகிறது. வந்ததே தப்பான பக்கம். இடது பக்கத்தைப் பம்புக்குக் காட்டிக்கொண்டு நிற்கிறது, போய்ப் பார்த்தால் அந்தப் பக்கம் மூடியே இல்லை, மொட்டைத் தகரம். சுற்றி வா என்று கையைக் காட்டினார். டிரைவர் பின்னால் எடுத்து, ஒரு ஆட்டோவை மறித்து, சுற்றி, மறுபுறம் வந்து நின்றான். அதற்குள் சீனிராஜுக்குத் தலைக்கு ஏறிவிட்டது. விடிகிற நேரத்துக்கு ஒரு எரிச்சல் உண்டு, இராத்திரி முழுக்க விழித்தவனுக்குக் கண் இமைக்குள் மணல் போட்ட மாதிரி, அந்த மணலோடு அவர் மூடியைத் திறந்தார். திறக்கும்போதே வாயும் திறந்துவிட்டது. முள்ளுக்குப் பக்கத்துல ஒரு முக்கோணம் இருக்கும், பாத்திருக்கீரா, எத்தனை வருஷமா ஓட்டுதீரு என்று பாடத்தை ஆரம்பித்துவிட்டார். அவர் காரின் பின்பக்கம் டேங்க்கைப் பார்த்து நிற்கிறார், டிரைவர் முன்னால் ஜன்னலில், அவருக்கு வலப்புறம். இடது பக்கத்து வாய் என்றால் டிரைவர் இடப்புறம் வருவான், குசுகுசுத்தாலும் கேட்கும். வலப்புறத்தில் என்ன நடக்கிறது என்றால் ஒரு தலை அசைகிறது, ஒரு வாய் அசைகிறது, அவ்வளவுதான். அந்த மாதிரிக் கார் எல்லாம் பெட்ரோல்தான் குடித்து அவர் பார்த்திருக்கிறார். என்ன போடணும் என்று கேட்டாரா. கேட்டிருப்பார். வழக்கம்தானே. வழக்கத்தை யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள். கழற்றிய மூடி அதன் கயிற்றில் தொங்கியது, அதில் டீசல் என்று எழுதியிருக்குமே, பார்த்தாரா. முக்கோணத்தைப் பற்றிப் பேசுகிறவர் மூடியைப் பார்க்கவில்லை. பெட்ரோல் குழாயை எடுத்தார், ஜீரோ பாத்துக்கிடுங்க என்றார், அந்த வாய் மறுபடி அசைந்தது, அவர் தலையை ஆட்டினார். நாலு வருஷமாக ஆட்டுகிற தலை. வலப்புறம் எந்த வாய் அசைந்தாலும் ஒரு ஆட்டு, ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், போடா என்றும் எடுத்துக்கொள்ளலாம். அப்புறம் பில் வந்தது, கார் ஏர் பிடிக்க இருபதடி ஓடி வந்தது, டிரைவர் பில்லைப் பார்த்துவிட்டு எஞ்சினை அமர்த்தி இறங்கி ஓடிவந்தான். என்ன வே பெட்ரோலை ஊத்திப்பிட்டீரு என்று அவன் கத்தியது இடது காதில், நன்றாக, ஊரே கேட்கிற மாதிரிக் கேட்டது. ஜீரோ பாத்தாச்சுன்னுதான் சொன்னீரு, வேற எதுவும் நீரு சொல்லலை என்று சீனிராஜ் சொன்னார். நாக்கு தானாகச் சொன்னது. சொல்லி முடித்தபிறகு அது உண்மையாகக்கூட இருக்கலாம் என்று தோன்றியது.

அதே ஏர் பிடிக்கிற இடம்தான். நாலு வருஷம் முன்னால், செங்கல் லாரி ஒன்றின் பின்சக்கரத்துக்கு வலது தோளைக் கொடுத்துக் குனிந்து காற்றடித்துக்கொண்டிருந்தபோது டயர் வெடித்தது. மண் பறந்தது, லாரிக்காரன் பயந்து போய் ஒரு சோடா வாங்கிக் கொடுத்தான், காயம் ஒன்றுமில்லை, எல்லோரும் தப்பித்தாயப்பா என்றார்கள். ஒரு மாசம் காதுக்குள் ஒரு விசில். தூரத்தில் பிரஷர் குக்கர் மறந்துபோய்க் கிடக்கிற மாதிரி. அப்புறம் ஒருநாள் விசில் நின்றது, அப்பாடா என்று படுத்தார், விசிலோடு சேர்ந்து எல்லாம் நின்றுவிட்டது என்று மறுநாள்தான் தெரிந்தது. டாக்டரிடம் போனால் சீட்டில் எழுதுவான், சீட்டு மேனேஜரிடம் போகும், காது கேட்காதவனைப் பம்பில் நிறுத்தி வைக்க இவர்களுக்கு என்ன பைத்தியமா. அதனால் போகவில்லை. அதில் ஒரு சௌகரியமும் இருந்தது. பகலில் தூங்குகிறவனுக்கு ஊர் சும்மா இருக்காது, மைக் செட்டு, கோலமாவுக்காரி, பக்கத்து வீட்டு மிக்சி. சீனிராஜ் நல்ல காதைத் தலையணையில் புதைத்துக்கொண்டு செத்த காதை மேலே வைத்துப் படுத்தால் உலகத்தை ஸ்விட்சைத் தட்டி அணைத்த மாதிரி. பெண்டாட்டி செல்லக்கனி கட்டில் பக்கத்தில் நின்று கூப்பிட்டுப் பார்ப்பாளாம், மூன்றாவது தடவைக்கு மேல் கூப்பிட மாட்டாளாம், மகளிடம் சொல்லியிருக்கிறாள், உங்கப்பாவுக்கு இப்பல்லாம் நான் பேசறது மனுஷப் பேச்சாத் தெரியலை என்று. மகள் வந்து கேட்டாள். திமிர் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். திமிர் பிடித்தவனுக்குச் சோறு போடுவார்கள், கொஞ்சம் பயந்து போடுவார்கள். செவிடனுக்குப் போடுகிற சோற்றில் இன்னொன்றும் சேர்ந்து வரும், அவருடைய பெரியப்பாவுக்கு வந்தது, டமாரம் டமாரம் என்று பிள்ளைகள் கூப்பிட, பெரியப்பா சிரித்துக்கொண்டே தட்டை நீட்டுவார், என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று தெரியாமல். பங்க்கிலும் அப்படியே வைத்துக்கொண்டார். யாராவது வலப்புறமிருந்து பேசினால் காதில் விழாதது மாதிரி இருப்பது, அப்புறம் மெதுவாகத் திரும்பி, என்ன என்று ஒரு முறைப்பு. சீனி அண்ணனுக்கு மனுஷனைக் கண்டா ஆகாது. உண்மைதான், ஆகாதுதான். ஆகாமல் போனது முறைத்து முறைத்தா, அதற்கு முன்னாலேயேவா.

டிரைவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். நல்லவேளை, இடது பக்கம். ஆவுடையப்பன் என்று பேர், வள்ளியூர்ப் பக்கம், நாற்பது வயசிருக்கும், சட்டைக் காலருக்குள் கைக்குட்டை மடித்து வைத்திருந்தான். ஆக்டிங் டிரைவர். யாருக்கோ வண்டி இருக்கும், ஓட்ட ஆள் இருக்காது, போன் பண்ணினால் ஆபீசிலிருந்து ஒருநாளைக்கு அனுப்புவார்களே, அந்த ஆள். இன்றைக்கு விடிகாலையில்தான் இந்த வண்டியின் சாவியைக் கையில் வாங்கினானாம், அதனால்தான் வாய் எந்தப் பக்கம் என்று தெரியவில்லையாம். சாக்கு. சாவி வாங்கினால் முக்கோணத்தைப் பார்க்கிறதுக்கு என்ன. வண்டிக்காரர் அதோ வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருக்கிறாரே, குற்றாலநாதன், ரிட்டையரான பிசிக்ஸ் பேராசிரியர், மதுரையில் யாருக்கோ பத்து மணிக்கு வாய்மொழித் தேர்வு நடத்தப் போகிறவர், அவருக்கே அவருடைய காரின் வாய் தெரியவில்லை. பின்சீட்டில் உட்கார்ந்து தடியான புத்தகம் ஏதோ படித்துக்கொண்டு வந்தவர், டிரைவர் வாயிலிருந்து ஏதோ ஒரு சத்தம் கேட்டது, என்ன சொல் என்று கவனிக்கவில்லை என்று சொல்லிவிட்டார். முப்பத்தைந்து வருஷம் ஒலியையும் ஒளியையும் பாடம் நடத்தியவராம். அதற்கு இந்தப் பம்பே மேல், லிட்டர் கணக்காவது சரியாகச் சொல்கிறது.

ஆவுடையப்பன் கோபமாக வரவில்லை. அதுதான் சீனிராஜுக்குப் பிடிக்கவில்லை, கோபமாக வந்தால் திருப்பிக் கொடுக்கலாம். தெருவில் பக்கத்து வீட்டுக்காரனிடம் பேசுகிற மாதிரி மெதுவாகப் பேசினான். போன மாசம் ஒரு ஆள் இவன் வண்டியைத் தேய்த்துவிட்டான் என்று ஆபீசில் புகார் கொடுத்தாராம், தேய்த்தது அவர் மகனாம், சொல்லி என்ன. இன்னொரு புகார் வந்தால் பேரை அடித்துவிடுவார்களாம். ஒரு தடவை பேரை அடித்தால் மற்ற ஆபீசுக்கும் தெரிந்துவிடுமாம். அப்புறம், "அண்ணாச்சி, டீசல்னு ரெண்டு வாட்டி சொன்னேன். நீரு தலைய ஆட்டினீரு. தலைய ஆட்டின மனுசன் பெட்ரோலப் போடுவாருன்னு எனக்கு எப்படிவே தெரியும்?" என்றான்.

இரண்டு வாட்டி. சீனிராஜ் சாலையைப் பார்த்தார். பொய் சொல்கிறவன் இரண்டு வாட்டி என்று சொல்ல மாட்டான், நூறு வாட்டி என்பான், தொண்டை கிழியச் சொன்னேன் என்பான். இரண்டு என்கிறவன் எண்ணியிருக்கிறான். மடையன். முக்கோணத்தைப் பார்க்காத மடையன், மீட்டரை ஜீரோ பார்க்கிறபோது அதற்குப் பக்கத்தில் எந்தக் குழாய் என்று பார்க்காத மடையன், பின்சீட்டில் ஒரு மடையன், இத்தனை மடையன்களுக்கு நடுவில் ஒரு மனிதன் ஒற்றைக் காதை வைத்துக்கொண்டு பத்து மணி நேரம் நின்றுகொண்டே வேலை பார்க்கிறான், அவன் மட்டும் தப்பே செய்யக் கூடாது. ஐம்பத்தொரு வயசு. இதை விட்டால் எங்கே. வாட்ச்மேன் வேலைக்குக்கூடக் காது கேட்க வேண்டும், அதற்குத்தான் முதலில் காது. ஏதாவது சொல்லுங்க அண்ணாச்சி என்று ஆவுடையப்பன் காத்திருந்தான். சீனிராஜ் எழுந்து அவனைத் தாண்டி மறுபக்கம் போய் நின்றுகொண்டார், அதாவது அவன் பேச்சு விழாத பக்கம் அவன் இருக்கும்படி. இப்படி ஒரு வசதி யாருக்கு வாய்க்கும்.

மெக்கானிக் வந்து காரின் அடியில் படுத்தான். ஜெயக்கொடியும் வந்தான், முப்பத்தைந்து வயசு, நெற்றியில் திருநீறு ஈரமாக, வந்ததும் பேராசிரியருக்கு ஒரு கும்பிடு, அறைக்குள் போய்க் கேமராவைப் பார்த்துவிட்டு வந்தான். கேமராவில் எல்லாம் தெரிகிறது, சத்தம் மட்டும் வராது. டிரைவர் வாய் இரண்டு தடவை அசைகிறது, அண்ணன் தலையாட்டுகிறார், அவ்வளவுதான் சார் என்றான். முதல் தடவையும் டீசல் என்றுதான் சொன்னேன் என்றான் ஆவுடையப்பன், இரண்டாவது தடவையும் அதுதான். ஜீரோ பார்த்தாச்சு என்றும் சொல்லியிருக்கலாமே என்றான் ஜெயக்கொடி. இப்படிப் பேசியே நேரம் போயிற்று. மெக்கானிக் கீழேயிருந்து, எஞ்சின் கொஞ்ச நேரம்தான் ஓடியிருக்கு, வண்டிக்குள்ள இருக்க பம்பு தப்பிச்சிருக்கான்னு கழட்டினாத்தான் தெரியும் என்று குரல் கொடுத்தான். பேராசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். உங்களில் ஒருத்தர் பொய் சொல்றீங்க, யாருன்னு எனக்குத் தெரியலை, தெரிஞ்சுக்க நேரமும் இல்லை என்றார். குரலில் சூடில்லை, விடைத்தாளில் மதிப்பெண் போடுகிற குரல். அப்போது ஜெயக்கொடி முன்னால் வந்தான். எங்க சீனி அண்ணன் பத்து வருஷமா இருக்காரு சார், பேச்சு ஒரு மாதிரி, யாரையும் மதிக்க மாட்டாரு, ஆனா வேலையில ஒரு சொல் வந்ததில்ல. இவரு இன்னைக்கு ஒருநாள் வந்த டிரைவர். நீங்களே பாருங்க. பேராசிரியர் பார்த்தார். பார்த்துவிட்டுப் போனை எடுத்து அந்த ஆபீஸ் நம்பரைத் தேட ஆரம்பித்தார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, விரலால் தள்ளித் தள்ளி. ஆவுடையப்பன் காலருக்குள்ளிருந்து கைக்குட்டையை எடுத்து, விரித்து, மறுபடி அதே மடிப்பில் மடித்தான்.

அந்த மடிப்பில் என்ன இருந்தது என்று சீனிராஜுக்குத் தெரியாது. எரிச்சல்தான் வந்தது. கத்தித் தொலையேண்டா. அவன் கத்தவில்லை. நம்பர் கிடைத்துவிட்டது, பேராசிரியர் போனைக் காதில் வைத்தார், எத்தனை அலட்சியமாக வைக்கிறார், எந்தக் காது என்று யோசிக்காமல்.

"டேங்கு இடது பக்கம் இருந்திருந்தா எனக்குக் கேட்டிருக்கும்" என்றார் சீனிராஜ்.

ஜெயக்கொடி சிரித்தேவிட்டான். ஆரம்பிச்சாச்சா, சார் இவரு இப்படித்தான், டேங்கு இடது பக்கம்தான் இருக்கணும்பாரு, நாளெல்லாம் இதே பேச்சு, கண்டுக்காதீங்க என்றான். பகல் வேலைக்காரர்களும் சிரித்தார்கள். பேராசிரியரும் போனைக் காதில் வைத்தபடி லேசாகப் புன்னகைத்தார், கிறுக்கர்களைப் பார்த்துப் படித்தவர்கள் புன்னகைக்கிற மாதிரி. சீனிராஜ் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். சொல்லிவிட்டார், சொன்னது சேரவில்லை, வருஷக்கணக்காகத் தானே கட்டிய மதில், இப்போது உள்ளேயிருந்து கூப்பிட்டால் யாருக்கும் கேட்கவில்லை. விட்டுவிடலாம். விட்டுவிடு என்று கடவுளே வந்து சொல்லிவிட்டுப் போன மாதிரி. வீட்டுக்குப் போய் நல்ல காதைப் புதைத்துக்கொண்டு படுத்தால் சாயங்காலம்வரை ஒருத்தன் முகமும் வராது. வருமா. கைக்குட்டை மடிக்கிறவன் முகம் காது வழியாகவா வரப்போகிறது.

"ஓய் ஆவுடையப்பன், இங்க வாரும்" என்றார். எல்லோரும் திரும்பினார்கள். தன் வலது தோளைத் தொட்டுக் காட்டினார். இந்தப் பக்கம் வந்து நில்லும், ஒரு முழம் தள்ளி. அவன் வந்து நின்றான், என்ன செய்யப் போகிறாரோ என்கிற முகத்தோடு. சீனிராஜ் முகத்தை இடது பக்கம் சாலைக்குத் திருப்பிக்கொண்டார், அவன் வாய் கண்ணில் படாதபடி. "என்னமாவது சொல்லும். நீரு எனக்கு என்ன சொல்லணும்னு இருக்கீரோ அதச் சொல்லும். கேட்டா நான் திரும்புதேன், இல்லாட்டி இப்படியே நிப்பேன்."

ஒரு டேங்கர் போயிற்று. அதன் பின்னால் ஒரு பஸ், ஒரு மோட்டார் சைக்கிள், சைலன்சர் இல்லாதது, எல்லாம் இடது காதில் அதனதன் அளவில் வந்து விழுந்தன. வலது பக்கம் வெயில் மட்டும் கன்னத்தில் பட்டது. அவர் காத்திருந்தார். சொல்லத் தயங்குகிறான் போல, சொல்லும்வே என்று நினைத்துக்கொண்டே கண்ணை மெல்லக் கொண்டுவந்து ஜெயக்கொடியைப் பார்த்தார். ஜெயக்கொடியின் வாய் திறந்தபடி நின்றிருந்தது, சிரிப்பு அதில் இல்லை. பகல் வேலைக்காரர்களில் ஒருவன் தரையைப் பார்த்தான், இன்னொருவன் மற்றவனைப் பார்த்தான். காரின் அடியில் மெக்கானிக்கின் வயிறு குலுங்கிக்கொண்டிருந்தது. பேராசிரியர் போனைக் காதிலிருந்து எடுத்து, அதில் யாரோ ஹலோ ஹலோ என்று கூப்பிடுவது வெளியே கேட்க, அதை அமர்த்தினார். என்ன திட்டு, அம்மாவைப் பற்றியதா, பெண்டாட்டியைப் பற்றியதா, எவ்வளவு நீளம், ஒரு சொல்லா ஒரு முழு வாக்கியமா. நீளமாகத்தான் இருக்கும், காலையிலிருந்து சேர்த்து வைத்தது.

"சொல்லியாச்சா?" என்று சீனிராஜ் கேட்டார்.

யாரும் பதில் சொல்லவில்லை. அல்லது, சொன்னவர் வலப்பக்கம் நின்றிருக்கலாம்.